பாதி வேகம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்ததைப் பார்த்துப் பயந்துவிடாதே. இங்கே எல்லோரும் நலம். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒரே நேரத்தில் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். "உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு ஒத்துவராது, எழுதித் தொலைங்க" என்று சொல்லி உன் தம்பி மனைவி தாளும் கவரும் கொண்டுவந்து வைத்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் அல்லவா, வீட்டுப்பாடம் கொடுத்தே பழக்கம்.

நான் வேலையை மாற்ற வேண்டும் என்று நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. என் வேலையை நீ பார்த்ததே இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து விரல் நகம் அளவு கண்ணாடித் துண்டில் நீ செய்து பார்க்கிற சோலார் செல்லைத்தான் இங்கே நாங்கள் ரோல் ரோலாக ஓட்டுகிறோம். ஒரு பக்கம் வெறும் பிளாஸ்டிக் தாள் சுருளிலிருந்து அவிழும். நடுவில் மெல்லிய பிளவு வைத்த ஒரு பெட்டி அதன்மேல் பெரோவ்ஸ்கைட் மையை, வெயிலை மின்சாரமாக்குகிற மையை, பூசும். பூசும்போது மஞ்சளாக இருக்கும். டிரையருக்குள் போனதும் கரும்பழுப்பாக மாறும். மாறுகிற இடத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. மறுபக்கம் சுருண்டு வரும்போது அது வெயிலில் மின்சாரம் கொடுக்கும் தாள். கூடாரத்தின்மேல் விரிக்கலாம், பேருந்துக் கூரையில் ஒட்டலாம். அந்த மெஷினுக்கு உன் தம்பிதான் பொறுப்பு. கொஞ்சம் பெருமைப்படு.

என் மச்சான் நெட்டையனும் இப்போது எங்கள் கம்பெனிதான். அவன் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். தன் அக்கா வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், சும்மா உட்கார்ந்து சாப்பிட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. நான் சொல்லி மை கலக்கும் அறையில் சேர்த்துவிட்டேன். என் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் வருவான், வாண்டு வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஒரு வேடிக்கை. பெரிய ஆர்டர் ஒன்று முடிந்ததற்கு எம்.டி. விருந்து வைத்தார். பீர் இருந்தது. பாதி டம்ளர் உள்ளே போவதற்குள் மெஷின் பக்கம் நிற்கிற எங்கள் ஆட்களுக்கெல்லாம் முகம், காது, கழுத்து எல்லாம் செக்கச்செவேல். ஆபீஸ்காரர்கள் பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டுக் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். நெட்டையனுக்கு நெஞ்சு படபடத்து நாற்காலியில் சாய்ந்துவிட்டான். "கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கப்படுறானுங்க" என்று ஒரே கேலி. எனக்கும் காது சுட்டது. வயதாகிவிட்டது போல.

பதில் எழுது. திட்டாமல் எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கிறது. படித்துச் சிரித்தேன், கடைசிப் பத்தி வரும்வரை.

அது வேடிக்கை இல்லையடா. உங்கள் மையைக் கரைக்கிற டி.எம்.எஃப். இருக்கிறதே, லேசாக மீன் நாற்றம் அடிக்கும், அது மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். போய்ச் சேருகிற இடம் கல்லீரல். அங்கே அது இருக்கும்போது குடித்தால் உடம்பால் சாராயத்தைச் செரிக்க முடியாது. முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். ஆபீஸ்காரர்கள் சிவக்காததும் நீங்கள் சிவந்ததும் அதனால்தான். வெட்கமும் இல்லை, வயதும் இல்லை.

எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல். கல்லீரலுக்கு என்று கேட்டு எடுக்கச் சொல். கையில் போடுவது என்ன கையுறை என்று பார். சாதாரண மெல்லிய கையுறையாக இருந்தால் அந்தத் திரவம் அதன் வழியாகவே உள்ளே வந்துவிடும், போட்டிருப்பதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இதைத்தான் செய்கிறேன். மையில் ஈயம் இருக்கிறது, அது தனிக் கவலை. ஆனால் பக்கத்தில் நிற்கிறவனைத் தினமும் தொடுவது கரைக்கிற திரவம்தான். அதற்குப் பதிலாக இவ்வளவு விஷம் இல்லாத இரண்டு திரவங்களைக் கலந்து பார்க்கிறேன். கண்ணாடியில் நன்றாக வருகிறது. வளைகிற பிளாஸ்டிக்கிலும் வருகிறது. உன் மெஷின் அளவுக்கு ஓட்டிப் பார்க்க இங்கே வசதி இல்லை.

என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறவர் தினமும் நாற்காலியை இழுத்து இழுத்துப் போடுகிறார். மற்றபடி எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன். வாண்டுவுக்கு முத்தம். நெட்டையனிடம் குடிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பரிசோதனை செய்தோம். எம்.டி.யிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் போனேன், அவர் உடனே சரி என்றுவிட்டார். கல்லீரல் அளவு எனக்குக் கொஞ்சம் கூடுதல். இன்னும் இரண்டு பேருக்கும் அப்படித்தான். நெட்டையனுக்குத்தான் நிறைய. டாக்டர் குடியை விடச் சொன்னார். அவன் விருந்துக்கு மறுநாளே விட்டுவிட்டான், "குடிக்கிற சுகத்துக்கு இந்தப் படபடப்பு கட்டாது மாமா" என்றான்.

உன் மையைப் பற்றிச் சொன்னதும் எம்.டி. நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க அக்காவா?" என்று இரண்டு தடவை கேட்டார். நீ அனுப்பிய செய்முறைப்படி கலந்து ஞாயிற்றுக்கிழமை மெஷினில் ஏற்றினோம்.

அக்கா, வருத்தப்படாதே, கேவலமாக வந்தது. உன் திரவம் காய மாட்டேன் என்கிறது. டிரையரைத் தாண்டியும் ஈரம். சூட்டை ஏற்றினால் பிளாஸ்டிக் காய்ந்த இலை மாதிரி சுருண்டுகொள்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பூச்சி அரித்த துணி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. மொத்தச் சுருளையும் தூக்கிப் போட்டோம். "உங்க அக்கா கண்ணாடித் துண்டோட நிறுத்தியிருக்கலாம்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னான். நான் முறைத்தேன். ஆனால் மனதுக்குள் நானும் அதையேதான் நினைத்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்றைக்கு முழுவதும் அந்த ஹாலில் நாற்றமே இல்லை. சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது அதில் சோப்பு வாசனைதான் இருந்தது.

வேறு வழி இருந்தால் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 27

அன்புத் தம்பிக்கு,

எலக்ட்ரீஷியனுக்கு என் வணக்கம். அவர் சொன்னது சரிதான், அதற்காகத்தான் எனக்கு உன் மெஷின் வேண்டியிருக்கிறது.

மெதுவாகக் காய்ந்தால் படிகங்கள் இஷ்டத்துக்கு அங்கங்கே வளரும், நடுவில் இடைவெளி விழும். நீ பார்த்த ஓட்டை அதுதான். சூட்டை ஏற்றாதே. டிரையருக்கு முன்னாலேயே, மை பூசின கையோடு, மெல்லிய இடுக்கு வழியாகப் படுவேகமாகக் காற்று அடிக்க வேண்டும். கத்தி வைத்து வழித்த மாதிரி காற்று ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும், படிகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பிறக்கும். படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். கலவையிலும் சீக்கிரம் ஆவியாகிற திரவத்தைக் கூட்டியிருக்கிறேன். மெஷினைப் பாதி வேகத்தில் ஓட்டு. முதலில் நன்றாக வரட்டும், வேகத்தை அப்புறம் பார்க்கலாம்.

இதெல்லாம் நடக்கும்வரை நெட்டையனை மை அறையிலிருந்து வெளியே எடுத்து வேறு வேலை கொடு. மறந்துவிடாதே. அவன் வாய்விட்டுக் கேட்க மாட்டான், நீ சேர்த்துவிட்ட வேலை என்று நன்றியோடு நிற்பான்.

அக்கா


ஜூன் 18

என் அருமை அக்காவுக்கு,

வந்துவிட்டது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காற்றுக் கத்தியை நானும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து பொருத்தினோம். பொருத்தி, கழற்றி, சண்டை போட்டு, மறுபடி பொருத்தி. நேற்று அந்தக் கண்ணாடி ஜன்னலில் பார்க்கிறேன், மஞ்சள் அப்படியே ஒரே கோடாகக் கரும்பழுப்பாகிறது. திட்டு இல்லை, ஓட்டை இல்லை. வளைத்துப் பார்த்தோம், விரலில் சுற்றிப் பார்த்தோம், விரிசல் விடவில்லை. மின்சாரம் பழைய தாளைவிடக் கொஞ்சம்தான் குறைவு. வேகம் பாதிதான், ஆனால் ஓடுகிறது. நெட்டையன் என்னைத் தூக்கிவிட்டான், எல்லோர் முன்னாலும். அவனை இப்போது சுருள் அடுக்கும் பக்கம் போட்டிருக்கிறேன், முகம் தெளிந்திருக்கிறது. உன் தம்பி மனைவி உனக்குத் தனியாக எழுதுகிறேன் என்றாள். "அண்ணிக்குக் கோயில் கட்டணும்" என்கிறாள்.

இன்னொரு விஷயம். எம்.டி. இந்த மைக்கான உரிமத்தை உங்கள் நிறுவனத்திடம் வாங்கப் போகிறார். எங்களுக்கு மட்டும் என்று கேட்கிறார், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. வேறொரு கம்பெனியும் உங்களிடம் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டார். உன் இயக்குநர் உன்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வார் அல்லவா? ஒரு வார்த்தை சொல் அக்கா. இது நம் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது. வேறு எவன் கைக்கோ போக வேண்டுமா?

உன் தம்பி


ஜூலை 11

அன்புத் தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டாயிற்று. உரிமம் உங்கள் கம்பெனிக்கு மட்டும்தான்.

அந்த இன்னொரு கம்பெனி நல்ல கம்பெனிதான். கொடுத்தால் வருகிற மாதமே ஓட்டத் தொடங்குகிறோம் என்றார்கள். என் பக்கத்து மேஜைக்காரி, எனக்கு இங்கே இருக்கிற ஒரே சினேகிதி, காகிதத்தைப் படித்துவிட்டு, "வாங்குறவங்க இதைப் பயன்படுத்தியே ஆகணும்னு ஒரு வரி சேர்த்துக்கோ, இல்லாட்டி பூட்டி வச்சிருவாங்க" என்றாள். நான், "அங்க மெஷின் ஓட்டுறது என் தம்பி" என்றேன். அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள், நான் அந்த வரியைச் சேர்க்கவில்லை.

சின்ன வயதில் நீ எதைப் பிரித்துப் போட்டாலும் நான் உட்கார்ந்து மாட்டிக் கொடுப்பேன். இந்தத் தடவை நான் பிரித்துப் போட்டதை நீ மாட்டிவிட்டாய். எனக்கு ரொம்ப சந்தோஷம்டா. உன்னிடம் நேரில் சொன்னால் தலையில் ஏறிவிடும் என்று எழுதுகிறேன்.

அக்கா


நவம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

ஆகஸ்டில் எழுதினேன், செப்டம்பரில் எழுதினேன். போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். சோலார் தாள் கம்பெனிக்கு இவ்வளவு மீட்டிங் எதற்கு என்று தெரியவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. புது மை முழுவதுமாக ஓடத் தொடங்கிவிட்டதா? ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு, நான் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

அக்கா


டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பொறுப்பு கூடிவிட்டது. நான் இப்போது தயாரிப்பு மேலாளர். மாடியில் தனி அறை, ஜன்னலைத் திறந்தால் மரம். மெஷின் சத்தம்கூடக் கேட்காது.

புது மை விஷயம். அது கைவிடப்படவில்லை. கட்டம் கட்டமாக மாற்றுவதாகத் திட்டம். இப்போது வந்திருக்கும் ஆர்டர் மிகப் பெரியது, பாதி வேகத்தில் ஓட்டினால் தேதிக்குக் கொடுக்க முடியாது. சந்தைச் சூழ்நிலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உரிமம் நம்மிடம் இருப்பதால் போட்டிக் கம்பெனிகள் இதை வைத்து விளம்பரம் செய்ய முடியாது, அதுவே இப்போதைக்கு ஒரு லாபம் என்று நிர்வாகம் நினைக்கிறது. ஆட்களின் பாதுகாப்புக்கு மை அறையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியாகிவிட்டது. கையுறையும் தடிமனானது.

நெட்டையன் இப்போது மை அறைக்குப் பொறுப்பாளன். அனுபவம் உள்ள ஆள் வேறு இல்லை. சம்பளமும் கூடுதல். அவனேதான் சரி என்றான்.

வாண்டு உன்னைக் கேட்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


டிசம்பர் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று பேர் சேர்ந்து எழுதின மாதிரி இருந்தது. கட்டம் கட்டமாக, சந்தைச் சூழ்நிலை, நிர்வாகம் நினைக்கிறது. இதில் என் தம்பி எங்கே என்று தேடினேன். வாண்டு கேட்கிறது என்ற வரியில் கொஞ்சம் இருந்தான்.

அவனேதான் சரி என்றான் என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டில் சாப்பிட்டு உன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், நீ கேட்டால் வேறு என்ன சொல்வான்? அவன் ரத்தப் பரிசோதனை இப்போது எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. தெரியாமல் விட்டாயா, தெரிந்து விட்டாயா?

இன்னொரு கேள்வி. உனக்குப் பதவி உயர்வு ஜூலையிலேயே வந்துவிட்டது என்று உன் மனைவி போனில் சொன்னாள், எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னாள். நான் கையெழுத்துப் போட்ட அதே வாரம். என்னிடம் அந்த ஒரு வார்த்தை கேட்டு எழுதினாயே, அன்றைக்கே இந்த மை ஓடப் போவதில்லை என்று உனக்குத் தெரியுமா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று போதும்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் நானே சொல்ல வேண்டும். நெட்டையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கண்ணெல்லாம் மஞ்சள். ஒரு மாதமாகவே சாப்பாடு இறங்கவில்லையாம், வாந்தியாம், யாரிடமும் சொல்லவில்லை. மை அறையிலேயே சரிந்துவிட்டான். கல்லீரல் ரொம்பப் பழுதாகியிருக்கிறது. டாக்டர் கொஞ்சம் தேறுவான் என்கிறார், பழையபடி ஆவான் என்று சொல்லவில்லை.

கம்பெனி விசாரணை வைத்தது. அவன் குடிப்பான், கையுறையைச் சரியாகப் போட மாட்டான் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அக்கா, நீ கோபப்படுமுன் கேள். அவன் குடித்தவன்தான். எப்போதோ விட்டான், அது வேறு. குடித்ததே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. நான் பொய் எழுதவில்லை. நான் எழுதாவிட்டால் வேறொருவன் எழுதியிருப்பான், என்னையும் வெளியே அனுப்பியிருப்பார்கள். அப்புறம் அவன் மருத்துவச் செலவை யார் பார்ப்பது? உள்ளே இருந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். ஆர்டர் முடியட்டும், புது மையை நானே ஓட வைக்கிறேன்.

அவன் அக்கா, என் மனைவி, என்னோடு பேசுவதில்லை. வாண்டுவைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அறை வாசலிலேயே நிறுத்துகிறாள். "உள்ள வந்து என்ன எழுதிக்கிட்டுப் போகப் போறீங்க?" என்றாள். வராந்தாவில் எல்லோரும் பார்த்தார்கள்.

டாக்டர் உன்னிடம் அந்தத் திரவத்தைப் பற்றி எழுதிக் கேட்டிருப்பதாகத் தெரியும். அவள்தான் உன் முகவரி கொடுத்திருக்கிறாள். அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். எனக்குத் தெரியாது, சொல்ல இயலாது என்று ஒரு வரி எழுதிவிடு. நீ அந்தத் துறை ஆள், உன் பேச்சுக்கு மதிப்பு அதிகம். நீ உள்ளதை எழுதினால் நான் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும். எனக்கு மிச்சம் இருப்பது இந்த வேலையும் நீயும்தான். எனக்கு எல்லாவற்றையும் நீதானே மாட்டிக் கொடுத்தாய். இதையும் செய்.

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

டாக்டருக்கு எழுதிவிட்டேன். நாலு பக்கம். அந்தத் திரவம் உடம்புக்குள் எப்படிப் போகிறது, கல்லீரலை என்ன செய்கிறது, விருந்தில் உங்கள் முகம் ஏன் சிவந்தது, பரிசோதனையில் என்ன வந்தது, அது தெரிந்த பிறகும் அவனை எந்த அறையில் போட்டார்கள் என்று எல்லாம் எழுதினேன். தொழிலாளர் அதிகாரிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. நான் அனுப்பினேன் என்பதை வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானே சொல்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை, நான் டிசம்பரில் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுத இடமா இல்லை? ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

என் இயக்குநரிடம் போய் உரிமத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். "அம்மா, அவங்க ஓட்டலாம், ஓட்டாம வைக்கலாம், அது அவங்க இஷ்டம். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க" என்றார். அந்த இன்னொரு கம்பெனிக்கும் எழுதிக் கேட்டேன். அவர்களும் பழைய திரவத்தையே ஓட்டுகிறார்களாம், வேறு வழி கிடைக்கவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அங்கேயும் மை கலக்கிற அறையில் ஒருவன் நிற்பான். அவன் எப்படி இருப்பான், யாருக்குத் தம்பி என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் சேர்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உரிமம் உங்களுடையது என்பதால் அந்தக் கலவையை இனி நான் தொடக்கூடாது. வேறு திரவங்களை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். மறுபடியும் கண்ணாடித் துண்டு, மறுபடியும் திட்டுத் திட்டாகத்தான் வருகிறது. எத்தனை வருஷம் ஆகும் என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள், நான் அடுத்த கண்ணாடித் துண்டை எடுத்தேன்.

உன் மனைவியோடு தினமும் பேசுகிறேன். நெட்டையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். நீ எழுதிக் கொடுத்ததை அவனிடம் யாரோ காட்டிவிட்டார்கள். "மாமாவுக்கு வேற வழி இருந்திருக்காது" என்று சொன்னானாம். உன் மனைவி அதைச் சொல்லிவிட்டுப் போனிலேயே அழுதாள். அவளும் ஒரு தம்பிக்கு அக்காதானே. அவள் உன்னிடம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வர வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

உனக்கு வேலை போகலாம். போனால் அதற்கு நான்தான் காரணம், தாராளமாக எல்லோரிடமும் சொல். நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை. கீழே மெஷின் பக்கம் நின்றவரைக்கும் நீ நல்லவனாகத்தான் இருந்தாய். காற்றுக் கத்தி பொருத்தின அன்றைக்கு நீ எழுதின சந்தோஷம் பொய் என்று என்னால் நம்ப முடியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் உடம்பையும் பரிசோதித்துக்கொள். உனக்கும் கூடுதலாகத்தான் இருந்தது.

இனி நீ எழுதினால் பிரித்துப் படிப்பேன். படிக்காமல் இருக்க என்னால் முடியாது. பதில் வராது.

அக்கா